குட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் தாயைப் பார்த்தீர்களா? நாய் வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

மதுரையிலிருந்து:

எங்கள் தெருவில் யாராவது நாய் வாங்கப் போவதாகச் சொன்னால் போதும், உடனே நாலு பேர் வந்து தீர்ப்புச் சொல்வார்கள். ராஜபாளையம் வேண்டாம், கடிக்கும். லேப்ரடார் வாங்கு, குழந்தைகளோடு நன்றாகப் பழகும். சிப்பிப்பாறை சொல்பேச்சு கேட்காது. இத்தனை வருடம் நாய்களோடு இருந்ததில் இந்தப் பேச்சில் எனக்குப் பாதி நம்பிக்கைகூட மிச்சமில்லை.

எங்கள் வீட்டு லேப்ரடாரை என் மைத்துனர் ஒரு வியாபாரியிடம் வாங்கி வந்தார். அட்டைப் பெட்டிக்குள் இருந்தது, சரியாக நடக்கக்கூட வராத குட்டி. தாய் எங்கே என்று கேட்டதற்கு, "அது வேற ஊர்ல இருக்கு சார்" என்று பதில் வந்ததாம். வளர வளர அதன் குணம் தெரிந்தது. தட்டில் வாய் வைத்திருக்கும்போது பக்கத்தில் யார் நடந்தாலும் உறுமும். விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவே அதற்குத் தெரியவில்லை. கடைசியில் என் அண்ணன் மகன் கையில் தையல் போட வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அப்போது ஒரு ராஜபாளையம் இருந்தது. பேரப்பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தால் எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அவர் அந்தக் குட்டியின் தாயை அது குட்டி போடுவதற்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்.

உங்கள் வீட்டு நாயைப் பற்றி, நீங்கள் பார்த்த நல்ல வளர்ப்பாளர், மோசமான வளர்ப்பாளர் பற்றி எழுதுங்கள்.

ராஜபாளையத்திலிருந்து:

அண்ணா, எங்கள் ஊர் நாயைப் பற்றி எழுதியதால் நானும் எழுதுகிறேன். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளை நாய் உண்டு. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. அப்பா அதை வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டினார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: எங்கள் நாய்க்குக் "கடிநாய்" என்ற பெயர் வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் செவிட்டுத்தன்மை.

தூய வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாமல் போனால், ஒலியை உணரும் நுண்ணிய முடிச்செல்கள் குட்டி பிறந்த சில வாரங்களில் செத்துவிடும். வெள்ளை மட்டும் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியதன் விலை இது. டால்மேஷியனிலும் இதே பிரச்சினை உண்டு.

வீட்டில் கைதட்டிப் பார்த்துவிட்டு "நல்லா கேக்குது" என்று குட்டியைக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் இருக்கும் குட்டி, மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பும். தரை அதிர்வதும் அதற்குத் தெரியும். ஒற்றைக் குட்டியைத் தனியாகத் தூங்கவிட்டு, கண்ணில் படாமல் பின்னாலிருந்து சத்தம் கொடுத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை அதிலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு பேயர் (BAER) என்ற செவித்திறன் பரிசோதனைதான் வழி. தலையில் மெல்லிய ஊசி முனைகளைப் பொருத்தி, ஒலி கேட்கும்போது மூளைக்குப் போகும் மின் அலையைப் பதிவுசெய்வார்கள். இந்த ஒற்றைக்காது நாய்தான் இனப்பெருக்கத்தில் பெரிய சிக்கல். பார்க்க முழு ஆரோக்கியமாக இருக்கும், கூப்பிட்டால் வரும், கண்காட்சியில் பரிசும் வாங்கும். அதை இணை சேர்த்தால் அடுத்த ஈற்றில் செவிட்டுக் குட்டிகள் வருவதற்கான வாய்ப்பு கூடும்.

காது கேட்காத நாய் தூங்கும்போது யாராவது தொட்டால் என்ன ஆகும்? திடுக்கிட்டு எழும்போதே பல் படும். அதைப் பார்த்தவர்கள் "ராஜபாளையம் வளர்த்தவனையே கடிக்கும்" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். எங்களிடம் அப்படி ஒரு பொட்டை இருந்தது. அதற்குக் கருத்தடை செய்து வீட்டோடு வைத்துக்கொண்டோம். கையசைவில் எல்லாம் கற்றுக்கொண்டது. எழுப்ப வேண்டுமென்றால் அதன் முன்னால் தரையைத் தட்டுவோம். கடைசிவரை ஒருவரையும் கடித்ததில்லை.

காவல் புத்தி இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். புதியவரை லேசில் ஏற்காது, ஒரு ஆளோடு ஒட்டிக்கொள்ளும். ஆள் வந்துபோகும் கடைவாசலில் கட்டிப்போட விரும்புகிறவருக்கு நான் குட்டி கொடுப்பதில்லை.

கோவில்பட்டியிலிருந்து:

ராஜபாளையம் தம்பி சொன்னதை இரண்டு முறை படித்தேன். எங்கள் பக்கத்துச் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் வேறு மாதிரியான கஷ்டம்.

இவை முயல் விரட்ட வளர்த்த நாய்கள். ஒட்டிய வயிறு, நீண்ட கால், தூரத்தில் அசைவதைப் பிடிக்கும் கண். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை கூடாது, அது சரிதான். ஆனால் அந்தக் காலத்தில் எந்த நாயை இணை சேர்ப்பது என்பதை வயல்வெளி தீர்மானித்தது. மூச்சு வாங்குகிற நாய், குழம்புகிற நாய், கூட வந்தவர்களையே கடிக்கிற நாய் எல்லாம் தானாகவே ஒதுங்கிவிடும். இப்போது நிறமும் உயரமும்தான் தீர்மானிக்கின்றன. கருப்பில் பழுப்புப் புள்ளி வைத்த கன்னிக்கு விலை கூடினால், அந்த நிறம் கெடக் கூடாது என்று அண்ணன் தங்கையையே இணை சேர்க்கிறார்கள். நாலைந்து கிராமங்களுக்குள் இருக்கிற நாய்கள் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று சொந்தம். அதற்குள்ளும் இப்படிச் செய்தால் ஈற்றில் குட்டி குறையும், பிறந்தது தேறாது, தேறியது நிழலைக் கண்டாலும் பயப்படும். பயந்த நாயின் கடி, கோபக்கார நாயின் கடியைவிட மோசம், ஏனென்றால் அது முன்கூட்டித் தரும் அறிகுறிகள் பலர் கண்ணில் படாது.

என் மாமியார் வீட்டில் எழுதி வைத்த நோட்டு ஒன்று இருந்தது. எந்த வீட்டுப் பொட்டைக்கு எந்த ஊர்க் கடுவன், எத்தனை குட்டி, யார் வீட்டுக்குப் போயிற்று என்று எல்லாம் அதில் இருக்கும். கென்னல் கிளப் சான்றிதழ் என்ற பேச்சே எங்கள் ஊரில் இல்லாத காலம் அது. குட்டியை விற்க மாட்டார்கள், கொடுப்பார்கள். கன்னிக் குட்டியைக் கல்யாணச் சீரோடு அனுப்பும் வழக்கம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பெண்ணோடு போகிற நாய் நல்ல குணமாக இருக்க வேண்டும் என்று அக்கறையோடு பொறுக்கியிருப்பார்கள் அல்லவா! அந்த நோட்டை நானும் தொடர்கிறேன். என் பொட்டைக்கு இரண்டு வயது முடிந்துதான் முதல் இணை. கடுவனை நானே அதன் வீட்டுக்குப் போய், புது ஆள் வரும்போதும் கோழி குறுக்கே ஓடும்போதும் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சரி என்பேன்.

குணம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: வாலாட்டிக்கொண்டு மேலே விழுகிற நாய் இல்லை. அளவாகப் பழகும். அடித்தால் ஒடுங்கிப் போகும், அப்புறம் மறுபடி நம்பவைக்க மாதக்கணக்கில் ஆகும். ஓடுகிற எதையும் விரட்டும், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி உட்பட. அதைச் "சொல்பேச்சு கேட்காது" என்று சொன்னால் எனக்கு மனசு வருத்தப்படும். தூரத்தில் பார்த்துத் தானே முடிவெடுத்து ஓடத்தானே நாம் அதை வளர்த்தோம்?

ஒரு எச்சரிக்கை. அறுவை சிகிச்சை என்றால் டாக்டரிடம் இது கிரேஹவுண்டு மாதிரியான ஓட்ட நாய் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். உடலில் கொழுப்பே குறைவு. தயோபென்டோன் போன்ற பழைய மயக்க மருந்துகள் இந்த வகை நாய்களுக்கு ஆபத்தாகலாம்.

தேனியிலிருந்து:

கோம்பையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கருவாய், செவலை உடம்பு, கட்டான நெஞ்சு. எங்கள் தோட்டத்தில் பரம்பரையாக இருக்கிறது. தோட்டத்து ஆட்களை ஒருமுறை அறிமுகம் செய்துவிட்டால் மறக்காது. ஆனால் கோம்பை என்று விற்பதில் கலப்பு ஏராளம், சிவப்பாக இருக்கிற எதையும் கோம்பை என்கிறார்கள். தாய் தந்தை இரண்டையும் பார்க்காமல் இந்தப் பக்கம் குட்டி எடுக்காதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். என்னிடம் "கடிக்குது சார்" என்று வருகிற நாய்களில் ஜெர்மன் ஷெப்பர்டும் உண்டு, பொமரேனியனும் உண்டு, பீகிளும் உண்டு. முதல் கேள்வியாக இனத்தைக் கேட்க மாட்டேன். எத்தனை நாள் குட்டியாக வீட்டுக்கு வந்தது என்று கேட்பேன். பெரும்பாலும், "ஒரு மாசம் இருக்கும்" என்பார்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை குட்டியின் மூளை உலகத்தைப் பதிவுசெய்கிற காலம். அதில் முதல் பாதி தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் போக வேண்டும். ஒரு குட்டி இன்னொன்றை அழுத்திக் கடித்தால் அது கத்தும், விளையாட்டு நின்றுவிடும். கடிக்கும் அளவை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. மதுரை நண்பரின் லேப்ரடாருக்கு அந்தப் பாடம் கிடைக்கவே இல்லை. மறுபாதியில் மனிதர்கள், குழந்தைகள், வண்டிச் சத்தம், குடை, மிக்சி என எல்லாம் பழக வேண்டும். கொட்டகையில் கூண்டுக்குள் மூன்று மாதம் இருந்த குட்டிக்கு எவ்வளவு நல்ல பரம்பரை இருந்தாலும் இது கைகூடாது.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பொட்டைக்கு 18 மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது, எட்டு வயதுக்கு மேலும் கூடாது. வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் இல்லை, ஆயுளில் ஐந்துக்கு மேல் இல்லை. வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள்.

இனத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் தகவலைப் பார்த்தது. ஒரு நாய்க்கும் இன்னொன்றுக்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளங்குவது சுமார் 9 சதவீதம்தான் என்று அது கண்டது. சொன்னதைக் கேட்டு நடக்கும் தன்மையில் இனத்தின் பங்கு கொஞ்சம் கூடுதல். எவ்வளவு சீக்கிரம் சீண்டப்பட்டுச் சீறும் என்பதில் மிகக் குறைவு. என் அனுபவமும் அதையே சொல்கிறது. பார்டர் கோலி சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், பீகிள் மூக்கு போகிற பக்கம் போகும். எது கடிக்கும் என்பதை மட்டும் இனப்பெயரை வைத்து என்னால் சொல்ல முடிந்ததில்லை.

இதனால்தான் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியபோது எனக்கு உடன்பாடில்லை. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே சமயம், பெரிய நாய் கடித்தால் காயமும் பெரிது. அதை மறைக்கக் கூடாது. ராட்வைலரின் தாடை வலு வேறு, பொமரேனியனின் வலு வேறு. எனக்குக் கோபம் வருவது, "நல்ல மூர்க்கமான ஸ்டட் (இணை சேர்க்கும் கடுவன்), குட்டி அப்படியே வரும்" என்று விளம்பரம் செய்து ராட்வைலரை இணை சேர்ப்பவர்கள் மீதுதான். நிதானமான ராட்வைலரைப் பொறுக்கி வளர்க்கவும் முடியும், அப்படிச் செய்பவர்களையும் எனக்குத் தெரியும். சங்கிலியிலேயே கிடந்து பயத்தில் பாய்கிற நாயின் குட்டிகளைக் காவலுக்கு என்று விற்பது, வாங்குபவர் வீட்டுக் குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம்.

சென்னையிலிருந்து:

என் அனுபவம் சின்னது. எங்கள் அடுக்குமாடியில் ஒரு ஹஸ்கி இருக்கிறது. சைபீரியப் பனியில் சறுக்குவண்டி இழுக்கப் பொறுக்கப்பட்ட நாய், இரண்டடுக்கு முடியோடு. மே மாதம் முழுக்க ஏசி அறைக்குள் அடைந்து கிடக்கிறது. ஓட வழியில்லாமல் கதவைப் பிறாண்டுகிறது, ஊளையிடுகிறது. எல்லோரும் அதைக் "குணம் கெட்ட நாய்" என்கிறார்கள். வளர்ப்பவர்கள் அன்பானவர்கள்தான். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கியே இருக்க மாட்டோம் என்றார்கள். என் வீட்டில் இருப்பது தெருவில் எடுத்த நாட்டு நாய். இந்த வெயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

திருச்சியிலிருந்து:

கோவில்பட்டி அக்கா, இதையெல்லாம் படித்த பிறகு கேட்கிறேன். எங்களுக்குத் தனி வீடு, சின்னத் தோட்டம், ஆறு வயதுப் பையன் இருக்கிறான். கன்னி எங்களுக்குச் சரிப்படுமா? உங்களிடம் குட்டி கிடைக்குமா?

கோவில்பட்டியிலிருந்து:

தம்பி, பையன் நாயைத் துரத்தாமல் இருந்தால் சரிப்படும். சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம் என்று பாருங்கள், ஆறடிக்குக் குறைந்தால் தாண்டிவிடும். தினமும் அடைப்புள்ள மைதானத்தில் ஓட விட முடியுமா? பக்கத்தில் ஆடு, கோழி வளர்க்கிறார்களா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

இந்த ஈற்றுக் குட்டிகளுக்கு வீடு பேசி முடித்தாயிற்று. அடுத்த ஈற்றுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், பொட்டை உடம்பு தேற வேண்டும். அதற்குள் ஒரு நாள் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தாயோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிடித்தால் நோட்டில் உங்கள் பெயரை எழுதி வைக்கிறேன். குட்டியை அறுபது நாளுக்கு முன் கொடுக்க மாட்டேன், முதல் தடுப்பூசி நானே போட்டுத் தருவேன். எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்கே திருப்பித் தர வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் தீபாவளி கழிந்து வாருங்கள், அப்போது வெயிலும் குறைந்திருக்கும்.