புதுப்பிப்பு: இளம் சூனியக்காரியின் கதையைப் படித்து முடித்துவிட்டேன்

டெர்ரி பிராட்செட் எழுதி 2003இல் வெளிவந்த 'தி வீ ஃப்ரீ மென்' நாவலின் முதல் சில அத்தியாயங்கள் மனத்தில் ஒட்டவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். முழுவதையும் படித்து முடித்த இப்போது அந்தக் கருத்தை மகிழ்ச்சியுடன் திரும்பப் பெறுகிறேன். ஆற்றிலிருந்து எழும் நீர்ப்பேயின் கண்கள் சூப் தட்டளவு இருக்கும் என்று கதைப்புத்தகத்தில் கண்டதும், 9 வயது டிஃப்பனி உண்மையிலேயே ஒரு தட்டை எடுத்து அளந்து, 8 அங்குலம் என்று உறுதிசெய்துகொள்கிறாளே, அந்த இடத்தில்தான் அவள் எனக்கு நெருக்கமானாள். (முதல் வாசிப்பில் அதை அவசரமாகத் தாண்டிவிட்டிருக்கிறேன்.) வாணலியை ஏந்தித் தம்பியை மீட்கப் புறப்படும் அவளுடைய துணிவைவிட, ஆடு மேய்த்தே வாழ்ந்து மறைந்த பாட்டியின் நினைவு இக்கட்டான வேளைகளில் அவளுக்குத் துணைநிற்பதே என்னை உருக்கியது. இவளைப் பற்றி மொத்தம் 5 நாவல்கள் உள்ளன; இரண்டாவதை நேற்றிரவே தொடங்கிவிட்டேன்.