ஹாப்ஸின் ‘லஸ்ட்’: காமம் என்றே சொல்லலாம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் கையாளும் ‘லஸ்ட்’ என்ற சொல்லைத் தமிழாக்கச் ‘சிற்றின்பம்’, ‘பாலுணர்வு’ என்னும் இரண்டு பரிந்துரைகள் இந்த இழையில் வந்துள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. சிற்றின்பம் என்றதும் பேரின்பம் எதிரே வந்து நிற்கிறது. சொல்லுக்குள்ளேயே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. ஹாப்ஸோ, ஒருவன் தான் நாடுவதையே நல்லது என்கிறான், விலகி ஓடுவதையே தீயது என்கிறான் என்று எழுதியவர். பாலுணர்வு என்பதோ உடலியல் நூலின் சொல்லாகவே காதில் விழுகிறது.

1640-இல் கையெழுத்துப்படியாக உலவிய அவருடைய ‘தி எலிமெண்ட்ஸ் ஆஃப் லா’ என்னும் நூலின் ஒன்பதாம் இயலைப் பாருங்கள். காமத்தில் புலனின்பம் உண்டு, ஆனால் அதுமட்டுமில்லை. மகிழ்விக்க வேண்டும், மகிழ்விக்கப்பட வேண்டும் என்னும் இரண்டு நாட்டங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. பிறரை மகிழ்விப்பதில் ஒருவர் அடையும் மகிழ்ச்சி, அவ்வளவு மகிழ்விக்கும் ஆற்றல் தமக்கு இருப்பதை எண்ணி மனம் கொள்ளும் களிப்பு என்கிறார். சாகும்வரை ஓயாத ஆற்றல் வேட்கையை மனிதகுலத்தின் பொது இயல்பாக லெவியதான் என்னும் தம் அரசியல் மெய்யியல் நூலில் வைக்கப்போகிறவர், காதலர் இருவருக்கிடையிலும் அதையே கண்டிருக்கிறார். ஆகவே ‘பவர்’ என்ற அவருடைய சொல்லை ஓரிடத்தில் ‘ஆற்றல்’ என்றும் மற்றோரிடத்தில் ‘அதிகாரம்’ என்றும் பெயர்த்தால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

1651-இல் வந்த லெவியதானில் இவ்விளக்கம் ஒரே வரியாகச் சுருங்கி, புலனுக்கு மட்டும் இன்பம் தருவதால் ஒருவர்மேல் கொள்ளும் அன்பு என்றாகிறது. உடலளவில் நிற்கும் இவ்வரியையும், மனத்தைச் சேர்த்த முந்தைய விளக்கத்தையும் ஒரே சொல் தாங்க வேண்டும். காமத்துப்பாலைப் படித்தவர்களுக்குக் ‘காமம்’ இரண்டையும் தாங்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ‘காமம் வெகுளி மயக்கம்’ என்ற குறளில் அது பொது ஆசையையும் குறிக்கிறதே என்று கேட்கலாம். அதனால்தான் பொது ஆசைக்கு வேறு சொல்லை உறுதிசெய்ய வேண்டும் என்கிறேன்.

அதற்கு ‘நாட்டம்’, அதன் எதிர்ச்சொல்லாக ‘விலகல்’ என்பவற்றை முன்வைக்கிறேன். ‘அப்பிடைட்’, ‘அவெர்ஷன்’ என்னும் இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை, நெருங்குதலையும் பின்வாங்குதலையும் குறிப்பவை என்று ஹாப்ஸே சொல்கிறார். நாடுதலிலும் விலகுதலிலும் அந்த அசைவு இருக்கிறது. ‘அவெர்ஷன்’ என்பதற்கு இழையில் வந்த ‘வெறுப்பு’ என்ற பரிந்துரை இங்கே பொருந்தாது. பொருள் எதிரில் இல்லாதபோது விலகல், எதிரில் இருக்கும்போது வெறுப்பு என்று அவரே பிரிப்பதால், அச்சொல் ‘ஹேட்’ என்பதற்கே வேண்டும்.

நடத்தலாகவும் பேசுதலாகவும் வெளிப்படுமுன் உடலுக்குள் தொடங்கும் நுண்ணசைவை அவர் ‘எண்டெவர்’ என்கிறார். நாட்டமும் விலகலும் அதன் இரு திசைகள். ‘முயற்சி’ என்றால் தெரிந்தே செய்வதாகிவிடும். ‘முனைவு’ பொருந்துமா என்று சொல்லுங்கள்.