கப்பல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று புறப்படும் முன்பே பார்க்க வழி உண்டா?

இரணைமடுக்கரை:
டிசம்பர் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து அக்கா குடும்பம் சிங்கப்பூர் வருகிறது. நாங்கள் கிளிநொச்சியிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், எல்லோருமாக அங்கிருந்து ஒரு உல்லாசக் கப்பலில் ஏறுவதாகத் திட்டம். அக்கா கேபின் எடுத்துவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், சனத்துக்குள் நிற்கமாட்டார். எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டால், "இன்னும் இடம் உண்டு" என்று மட்டும் பதில். இணையத்தில் பார்த்தால் பல்கனிக் கேபின் நிறையக் கிடக்கிறது. அப்ப கப்பல் பாதி காலியா?

முறிகண்டிக் கச்சான்:
அப்படி எடுக்காதீங்கோ. இணையத்தில் தெரிவது, அந்த நேரம் விற்பனைக்கு விட்ட கேபின்கள் மட்டும்தான். ஏஜென்சிகள் குழுக்களுக்கென்று பிடித்து வைத்திருப்பது அதில் தெரியாது. விற்காதவை பிறகுதான் திரும்பி வரும்.

புதிதாகப் பதிவு செய்வதுபோல், கேபின் இலக்கம் தெரிவுசெய்யும் பக்கம்வரை போய்ப் பாருங்கோ. வங்கி அட்டை விவரம் கேட்கும் இடத்தில் நிறுத்தினால் காசு போகாது. கப்பலின் ஒவ்வொரு தட்டிலும் எத்தனை இலக்கம் மிச்சம் என்று பாருங்கோ. இலக்கமே காட்டாமல் "நாங்களே ஒதுக்கித் தருவோம்" என்று மட்டும் வந்தால், அந்த வகை பெரும்பாலும் முடியப்போகிறது.

அப்புறம் அதையே ஒரு கேபினில் 4 பேர் என்று போட்டுப் பாருங்கோ. 2 பேருக்குக் கிடைத்து 4 பேருக்குக் கிடைக்காவிட்டால், பிள்ளைகுட்டியோடு வரும் குடும்பங்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டன என்று அர்த்தம். உங்களுக்குத் தேவையான தகவல் அதுதான்.

மாங்குளம் சந்தி:
கம்பெனிகள் கேபினுக்கு 2 பேர் என்றுதான் 100 சதவீதம் கணக்குப் பார்க்கும். மூன்றாவது, நான்காவது கட்டிலில் படுப்பவர்கள் அதற்கு மேலே. ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலை எடுங்கோ: கேபினுக்கு 2 பேர் என்றால் 5,610, உச்சம் 7,600. "நிரம்பிவிட்டது" என்ற ஒரே சொல்லுக்குள் கிட்டத்தட்ட 2,000 பேர் வித்தியாசம்!

இன்னொன்று, உயிர்காப்புப் படகில் இடம் கணக்காகத்தான் இருக்கும். அந்தப் பகுதிக்குரிய படகு நிரம்பினால், கேபினில் கட்டில் சும்மா கிடந்தாலும் மூன்றாம் ஆளைச் சேர்க்க விடமாட்டார்கள்.

இரணைமடுக்கரை:
4 பேருக்குப் போட்டேன், ஒரு வகையிலும் இல்லை. பொறுத்துப் பார்த்தால் சனம் குறையுமா?

முறிகண்டிக் கச்சான்:
முழுக் காசும் கட்டவேண்டிய கடைசித் திகதி வழக்கமாகப் புறப்பட 2, 3 மாதத்துக்கு முன் வரும். அதை ஒட்டித்தான் ஆட்கள் விலகுவார்கள், கேபின் திரும்பி வரும், சிலவேளை விலையும் இறங்கும். அந்தத் திகதிக்கு முதல் கிழமையும் அடுத்த கிழமையும் பாருங்கோ. ஆனால் சிங்கப்பூரில் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியப் பள்ளி விடுமுறை. விலகியவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். காலைச் சாப்பாட்டு நேரம் பஃபே வாசல் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் சனம் மாதிரித்தான் இருக்கும், நம்பி இருக்காதீங்கோ.

மாங்குளம் சந்தி:
கப்பல் நிறையும் என்றே வைத்துக்கொண்டு அம்மாவுக்கு வேண்டியதைச் செய்யுங்கோ தம்பி. லிஃப்டுக்குக் கிட்டக் கேபின் கேளுங்கோ. ஏறும்போதும் இறங்கும்போதும் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று இப்பவே எழுத்தில் கொடுங்கோ. சக்கர நாற்காலிக்கென்று அகலக் கதவோடு உள்ள கேபின்கள் கொஞ்சம்தான், அவை முதலே போய்விடும்.

இரணைமடுக்கரை:
சரி அண்ணை. அக்கா எடுத்தது கப்பலின் முன்பக்கக் கோடியில், லிஃப்டுக்கு நல்ல தூரம். மாற்றச் சொல்கிறேன்.

மாங்குளம் சந்தி:
மாற்ற முதல், பழைய விலையே நிற்குமா, இன்றைய விலைக்கு ஏறுமா என்று கேட்கச் சொல்லுங்கோ.