காரைக்குடிப் பக்கம் ஆவணக் காப்பு படிக்கிறவங்க இருக்கீங்களா?

கேள்வி: நூலக அறிவியல் முடிச்சு ஒரு வருஷமாச்சு. போன மாசம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டு இரண்டாங்கட்டுல தகரப்பெட்டியைத் திறந்தோம். ரங்கூன் வட்டிக்கடைப் பேரேடு, கூடவே ஒரு இசைகுடிமானம், அதாவது நகரத்தார் கல்யாண ஒப்பந்தம். கரையான் தின்னது போக மிச்சமிருந்த வரியெல்லாம் தமிழ் எண்கள்தான். ௲ எது, ௱ எதுன்னு கேட்கக்கூடப் பக்கத்துல ஆளில்லை. மனசு ரொம்பக் கஷ்டமாயிருச்சு. மாசம் ஒருநாள் கூடுவோமா?

பதில், கோட்டையூர்: கட்டாயம் கூடுங்கப்பா. எங்க ஊர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகமெல்லாம் அவர் காலத்துக்குப் பிறகு சென்னைக்குப் போய், 1994-ல ஆய்வு நூலகமாச்சு. பத்திரமா இருக்கு, சந்தோஷம்தான். மிச்சத்தையாவது இங்கேயே பார்க்க ஆள் வேணும். எங்க வீட்டு முகப்புல உட்காரலாம். ௲ ஆயிரம், ௱ நூறு. மாகாணி (பதினாறில் ஒண்ணு), அரைக்கால் (எட்டில் ஒண்ணு) கணக்கெல்லாம் எங்க ஐயாகிட்டப் படிச்சது, சொல்லித்தர்றேன்.

பதில், சென்னை: வெறும் அறிமுகக் கூட்டம்னா ரெண்டாம் மாசமே நின்னுரும். ஒரு பெட்டியை நடுவுல வச்சு, எல்லாரும் சேர்ந்து பட்டியல் போடுங்க. கிழிஞ்ச தாள்ல செலோடேப் ஒட்டாதீங்க, வெயில்லயும் காயவைக்காதீங்க.

கேட்டவர்: கோட்டையூர் ஆச்சி, வர்ற ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்துர்றோம். இப்போதைக்கு மூணு பேர். தூரிகை நான் கொண்டுவர்றேன்.