பீலித் தண்ணி டிடிஎஸ் 24: அப்படியே உப்பு கலக்கலாமா?

ஹட்டன்_தொட்டி: 100 லீட்டர் கடல்மீன் தொட்டி. ரெண்டு க்ளவுன் மீன், ஒரு இறால், கொஞ்சம் மென்பவளம் வைக்கத் திட்டம். தேயிலை மலையில இருந்து வர்ற பீலித் தண்ணியில டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்சிருக்கிறதைக் காட்டுறது) லீட்டருக்கு 24 மில்லிகிராம் காட்டுது. ஆர்ஓ (தண்ணியைச் சவ்வு வழியா அழுத்தி வடிக்கிற வடிகட்டி) இல்லாம சமாளிக்கலாமா?

மலைமுகடு: தாராளமா. உப்பு கலந்ததும் அது 35,000 ஆகப்போகுது. அதுல 24 எந்த மூலைக்கு?

பவளக்கிறுக்கு: கணக்கே பிழை அண்ணே. மீட்டர் தண்ணி மின்சாரம் கடத்துறதை மட்டும்தான் அளக்குது, கடத்துறது கல்சியமா செப்பான்னு சொல்லாது. மீன் நோய்க்குப் போடுற செப்பு மருந்தே லீட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான். அந்த அளவுல மீன் தாங்கும், இறால் தாங்காது. 24ல 0.2 உங்க கண்ணுக்குத் தெரியுமா? மழைக்காலத்துல தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கிறதும் செப்பு மருந்து. பசளையில இருந்து வர்ற யூரியாவுக்கு மின்னேற்றமே இல்லை, லீட்டருக்கு 10 மில்லிகிராம் கிடந்தாலும் மீட்டர் அசையாது.

மலைமுகடு: யூரியாவைக் காட்டி ஆர்ஓ விக்காதீங்க தம்பி. ஆர்ஓ மெம்ப்ரேன் (சவ்வு) அதைப் பாதியும் குறையுமாத்தான் பிடிக்கும், அதுக்கு அடுத்து வைக்கிற டிஐ ரெசின் (மின்னேற்றம் உள்ளதைப் பிடிக்கிற மணிகள்) பிடிக்கவே பிடிக்காது.

பவளக்கிறுக்கு: அது உண்மை, ஒத்துக்கிறேன். யூரியாவுக்கு வாளிச் சோதனைதான் வழி. பீலித் தண்ணியில 5 லீட்டர் உப்புநீர் கலந்து, ஓடிக்கிட்டு இருக்கிற கடல் தொட்டியில இருந்து பாக்டீரியா குடியிருக்கிற ஒரு பிடி செராமிக் வளையம் போட்டு, காத்து பம்ப் விட்டு 25 பாகையில 10 நாள் வைங்க. பக்கத்துல வாலைவடிநீர்ல கலந்த இன்னொரு வாளி, அதே அளவு வளையத்தோட. முதல் நாளும் கடைசி நாளும் ரெண்டுலயும் நைட்ரேட் பாருங்க. பீலி வாளியில மட்டும் கூடுதலா ஏறினா, மறைஞ்சு கிடந்த யூரியாவோ வேற கழிவோ நைட்ரேட்டா மாறியிருக்கு. பசளை போட்டு மழை பெய்ஞ்ச வாரத்துத் தண்ணியை எடுத்தாத்தான் இதுக்குப் பலன்.

செப்புக்கு ரெண்டு மாதிரி எடுத்து, சோதனை கிட்ல பாருங்க: பீலி வாயில ஒண்ணு, ராத்திரி முழுக்கக் குழாயில நின்ன காலைத் தண்ணி ஒண்ணு. ரெண்டாவதுல மட்டும் நிறம் மாறினா குற்றவாளி மலையில்லை, உங்க பித்தளை வால்வு. மென்னீர் உலோகத்தை அரிக்கும். ஆனா சில கிட்ல முதல் நிறமே 0.25லதான் வரும், "நிறம் வரலை"ன்னா "செப்பு இல்லை"ன்னு அர்த்தமில்லை. மலைப்பாறைச் சிலிக்காவும் மீட்டர்ல சரியாத் தெரியாது. கண்ணாடியில பழுப்புப் பாசி வந்தபிறகுதான் தெரியும்.

மலைமுகடு: சரி, மீன் மட்டும்னா பீலித் தண்ணியே போதும்னு இன்னும் சொல்வேன். இறால், பவளம்னா ஆர்ஓவும் டிஐயும் போடுங்க. ஆனா ஆர்ஓ ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணி தரும்னு பெட்டியில எழுதின அளவு நம்ம குளிருக்கு வராது. 15 பாகைத் தண்ணியில ஏறக்குறைய 70 வீதம்தான். நிறுத்தி வச்சுத் திறந்தா முதல் சில நிமிடத் தண்ணியைக் கொட்டிடுங்க, அதுல டிடிஎஸ் எகிறும். அழுத்தம் 50 பிஎஸ்ஐயாவது வேணும். தாங்கி எவ்வளவு உயரம்?

ஹட்டன்_தொட்டி: வீட்டுக்கு மேல 12 மீட்டர்.

மலைமுகடு: அப்ப 17 பிஎஸ்ஐதான். பூஸ்டர் பம்ப் இல்லாம மெம்ப்ரேன் வாங்கிடாதீங்க.