22 மாசப் பையனோடு முதல் தீம் பார்க் பயணம்: எப்படித் திட்டம் போடுறது?

கேள்வி: மழலைவீடு

பையனுக்கு 22 மாசம், உயரம் 84 செ.மீ. அடுத்த மாசம் ஒரு பெரிய தீம் பார்க்குக்கு மூணு நாள் பயணம். ரெண்டு நாளைக்கு மட்டும் டிக்கெட் எடுக்கலாம்னு யோசனை. தங்குற இடம் பார்க் வாசல்லேருந்து 15 நிமிஷ தூரம். மதியம் 12:30க்குப் படுத்தா ரெண்டு மணி நேரம் நல்லா தூங்குவான். டயபர் பழக்கம் இன்னும் விடலை.

ஒரு நாளை எப்படிப் பிரிக்கிறது? இந்த உயரத்துக்கு எந்த ரைடு சரிப்படும்? வெயில், தண்ணி விளையாட்டு ரெண்டுலயும் எதைக் கவனிக்கணும்? நாங்க ரெண்டு பேரும் ஒரு ரோலர் கோஸ்டராவது ஏற வழி இருக்கா?

பதில் 1: ஊர்சுற்றி

முதல்ல அவன் தூங்குற நேரத்தைக் குறிச்சுக்கோங்க. மிச்சம் இருக்கிற நேரத்துலதான் பார்க். 1–2 வயசுக் குழந்தைக்கு ராத்திரி, பகல் ரெண்டும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. மதியத் தூக்கத்தை விட்டுட்டா சாயங்காலம் எந்த ரைடும் அவனுக்குப் பிடிக்காது, அழுகைதான் மிஞ்சும்.

பக்கத்துலயே அறை இருக்கிறது பெரிய வசதி, விட்டுடாதீங்க. பார்க் திறக்க அரை மணி முன்னாடியே வாசலுக்குப் போயிடுங்க. பை சோதனை, டிக்கெட் ஸ்கேன் எல்லாம் அதுக்குள்ள முடிஞ்சிடும். திறந்ததும் கூட்டம் பெரிய ரோலர் கோஸ்டர் பக்கம்தான் ஓடும். அதனால சின்னப் பசங்க பகுதி முதல் ரெண்டு மணி நேரம் காலியாத்தான் இருக்கும். காலையில நாலு ரைடு போதும். அதுல ஒண்ணு பிடிச்சுப்போய் "இன்னொரு தடவை"ன்னு கேட்டா, அதையே மூணு தடவை ஏத்துங்க. இந்த வயசுல புதுசைப் பாக்குறதைவிடத் தெரிஞ்சது திரும்ப வர்றதுலதான் சந்தோஷம்.

11 மணிக்கே சாப்பாடு. 12 மணிக்கு மேல உணவக வரிசை நீண்டுடும். 11:40க்குக் கிளம்பிடுங்க. ஏன் இவ்வளவு சீக்கிரம்னா, அந்த 15 நிமிஷம் வாசல்லேருந்து கணக்கு. பார்க்கோட கடைசி மூலையிலேருந்து வாசலுக்கு வரவே இன்னொரு கால் மணி ஆகும். அது மட்டுமில்ல, போற வழியில ஸ்ட்ரோலர்ல பத்து நிமிஷம் கண்ணசந்துட்டாலும் போச்சு, அறைக்குப் போனதும் முழிச்சுக்குவான். கண்ணைக் கசக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பணும். 3 மணி வாக்குல எழுந்து ஏதாவது கொறிச்சிட்டு 4 மணிக்குத் திரும்பி வந்தா வெயிலும் தணிஞ்சிருக்கும்.

டிக்கெட் எடுக்கும்முன்னே ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, வெளியே போயிட்டு அதே நாள் திரும்ப உள்ளே விடுவாங்களா? எல்லா இடத்துலயும் விடமாட்டாங்க. ரெண்டு, குழந்தை டிக்கெட் வயசுக் கணக்கா, உயரக் கணக்கா? உதாரணத்துக்கு, அமெரிக்க டிஸ்னி பார்க்குகள்ல 3 வயசுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். விமானப் பயணமா இருந்தா இன்னொண்ணும் உண்டு: திரும்பி வர்ற தேதிக்குள்ள 2 வயசு முடிஞ்சுட்டா மடியில வச்சுக் கூட்டிட்டு வர முடியாது, தனி சீட் எடுத்தாகணும்.

முதல் நாளும் மூணாவது நாளும் பார்க் வச்சுக்கோங்க. நடு நாளை அறை, நீச்சல் குளம், பக்கத்துல நடைன்னு சும்மா விடுங்க. அடுத்தடுத்து ரெண்டு நாள் போட்டா ரெண்டாவது நாள் பாதியிலேயே அவன் களைச்சுடுவான்.

பதில் 2: சுழல்மேடை

ரைடுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு ரைடின் வாசலிலும் உயர அட்டை இருக்கும். பெரும்பாலும் அதில் இரண்டு கோடுகள்: பெரியவர் துணையோடு ஏறக் குறைந்தபட்ச உயரம், தனியாக ஏறக் குறைந்தபட்ச உயரம். சிறுவர் கோஸ்டர்களே சுமார் 90 செ.மீ.க்குத்தான் தொடங்கும். பெரியவை 120 செ.மீ.க்கு மேல் கேட்கும். ஆகவே 84 செ.மீ.க்குக் கோஸ்டர் எதுவும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு ஏற்றப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இருவர் உட்காரும் இருக்கைக்கு ஒரே சேஃப்டி பார் இருந்தால், அது பெரியவர் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். பக்கத்துக் குழந்தையின் தொடைக்கும் பாருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். சட்டென்று குலுக்கினால் அந்த இடைவெளி வழியாகவே குழந்தை நழுவும். அட்டையில் இருக்கும் அந்த எண் இதற்காகத்தான்.

உயர வரம்பு இல்லாத ரைடுகளே உங்களுக்குப் போதுமான அளவு இருக்கும்: குட்டி ரயில், மெதுவான படகு, ராட்டினக் குதிரை, மெல்லச் சுற்றிக்கொண்டே ஏறி இறங்கும் விமானங்கள். சுழலும் ரைடில் உடல் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். எனவே பெரியவர் வெளிப்பக்கமும் குழந்தை உட்பக்கமும் உட்கார வேண்டும். மாற்றி உட்கார்ந்தால் உங்கள் முழு எடையும் குழந்தை மேல் அழுந்தும். குதிரை ராட்டினத்தில் குழந்தைக்கு பெல்ட் போட்டுவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்று முதுகில் கை வைத்திருங்கள். அவன் பயந்தால் அதே ராட்டினத்தில் அசையாத பெஞ்ச் இருக்கும், அதில் உட்காரலாம்.

பலரும் கவனிக்காத ஆபத்து சறுக்கு மரம். மடியில் வைத்துச் சறுக்குவது பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் இந்த வயதில் கால் எலும்பு முறிவுக்கு அது ஒரு முக்கியக் காரணம். குழந்தையின் ஷூ சறுக்கின் பக்கச் சுவரில் மாட்டி நின்றுவிடும். உங்கள் எடையோடு சேர்ந்து அவன் உடல் மட்டும் கீழே போகும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுக்கிக்கொள்ளும். அவன் தனியாகச் சறுக்கினால் கால் மாட்டினாலும் அந்த எடை இருக்காது, பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுவான். சின்னச் சறுக்கில் தனியாக விடுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பெரிய சறுக்கு வேண்டாம்.

இருட்டுக்குள் போகும் ரைடுகளின் வீடியோவைப் போவதற்கு முன்பே ஒலியோடு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். வீடியோவிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், ஏனென்றால் நடுவழியில் இறங்க முடியாது. ஏறும் இடம் வரை வந்தபின் மறுத்தால் ஊழியரிடம் சொல்லுங்கள், ஏறாமலே வெளியேற வழி காட்டுவார்கள். மாறுவேடப் பாத்திரங்களிடமும் அவசரம் வேண்டாம். முதலில் பத்தடி தள்ளி நின்று கையசைக்கட்டும். கையில் கொடுத்துப் படம் எடுக்க முயன்றால் அலறல்தான்.

நீங்கள் இருவரும் கோஸ்டர் ஏற வழி இருக்கிறது. பெரிய பார்க்குகள் பலவற்றில் ரைடர் ஸ்வாப் அல்லது சைல்ட் ஸ்வாப் என்ற ஏற்பாடு உண்டு. மூவரும் ரைடு வாசலுக்குப் போய் வரிசையில் சேரும் முன்பே ஊழியரிடம் கேட்க வேண்டும். குழந்தை கூடவே இருக்க வேண்டும். ஒருவர் வரிசையில் போய் ஏறி வருவார். மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு முழு வரிசையில் நிற்காமல் ஏறுவார். சில இடங்களில் காத்திருப்பு அறை ஏறுமேடையை ஒட்டியே இருக்கும். அங்கே குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரிசை முழுவதும் நிற்க வேண்டிவரும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 3: தளிர்நலம்

வெயில்: ஸ்ட்ரோலர் மேல் துணி போட்டு மூடாதீர்கள். மெல்லிய துணியாக இருந்தாலும் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும். கூரையை இழுத்துவிட்டு, கிளிப் வைத்த சின்ன விசிறி மாட்டுங்கள். விரல் நுழையாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல், வெளியே போவதற்கு 15 நிமிடம் முன்பு. பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தண்ணீரில் நனைந்தால் உடனே. காது மடலும் பாதத்தின் மேல்பக்கமும்தான் எல்லோரும் மறக்கும் இடங்கள்.

தாகம் எடுத்தால் கேட்பான் என்று காத்திருக்க வேண்டாம், விளையாட்டு மும்முரத்தில் கேட்க மாட்டான். 20 நிமிடத்துக்கு ஒரு முறை நீங்களே இரண்டு மூன்று வாய் கொடுங்கள். டயபர்தான் அளவுகோல்: ஆறு மணி நேரமாக நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு கிடக்கிறான் என்றால் அங்குள்ள முதலுதவி அறைக்குப் போய்விடுங்கள். நீர்ச்சத்து குறையும்போது கொடுக்கும் ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரை கலந்த பொடி) கையில் இருந்தால், பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதிப் பொடியைக் குத்துமதிப்பாகக் கரைத்தால் உப்பின் அளவு தவறிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

பால் வெளியே இரண்டு மணி நேரம்தான் தாங்கும். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஐஸ் பேக் வைத்த பை இல்லையென்றால் திறக்காத சின்ன டெட்ரா பேக்குகளே நல்லது. பாப்கார்ன், முழு நிலக்கடலை, கெட்டி மிட்டாய் மூன்றும் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைக்கும். முழுத் திராட்சையும் அப்படித்தான். கொடுப்பதானால் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ஓடும்போதும் ரைடிலும் எதுவும் வாயில் இருக்கக் கூடாது.

தண்ணீர் விளையாட்டு: ஸ்விம் டயபர் சிறுநீரைத் தாங்காது, மலத்தைக் கொஞ்ச நேரம் தடுக்கும், அவ்வளவே. அறையிலேயே போட்டுக் கிளம்பினால் ஸ்ட்ரோலர் நனைந்துவிடும். தண்ணீருக்குள் இறங்கும் முன் மாற்றுங்கள், மணிக்கொரு முறை கழற்றிப் பாருங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று தண்ணீரே வேண்டாம். கணுக்கால் அளவு தண்ணீராக இருந்தாலும் ஒரு கை தூரத்துக்குள் இருங்கள். மூழ்கும் குழந்தை சத்தம் போடாது. கையில் மாட்டும் காற்றடைத்த பட்டைகளை நம்ப வேண்டாம், பார்க் தரும் லைஃப் ஜாக்கெட்டைப் போடுங்கள்.

வாணவேடிக்கை இருந்தால் காதை முழுதாக மூடும் இயர்மஃப் வாங்குங்கள். காதுக்குள் செருகும் சின்ன அடைப்பான் வாய்க்குள் போகும் அபாயம் உண்டு. இயர்மஃபை வீட்டிலேயே தினம் ஐந்து நிமிடம் போட்டுப் பழக்கினால்தான் அங்கே கழற்றி எறிய மாட்டான்.

மழலைவீடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மடியில வச்சு சறுக்குறதுலதான் ஆபத்துன்னு இப்பதான் தெரியுது. இன்னும் ரெண்டே சந்தேகம். ஸ்ட்ரோலர் நம்மளுதையே கொண்டு போறதா, அங்கே வாடகைக்கு எடுக்கிறதா? கூட்டத்துல கைய விட்டுட்டு ஓடிட்டா என்ன பண்றது?

பதில் 4: நடைவண்டி

சொந்த ஸ்ட்ரோலர்தான் நல்லது. வாடகை வண்டி பல இடத்துல கெட்டிப் பிளாஸ்டிக், சாய்க்க முடியாது, பார்க் வாசலைத் தாண்டி வெளியே கொண்டுபோகவும் விடமாட்டாங்க. அப்போ மதியம் அறைக்கு எப்படிப் போவீங்க? ஒரு கையால மடக்கக்கூடிய லேசான வண்டியா இருக்கட்டும், பஸ்ல ஏறும்போது இன்னொரு கையில அவன் இருப்பான். கிளம்பும்முன்னே பார்க்கோட அளவு விதியைப் பாருங்க. அமெரிக்க டிஸ்னி பார்க்குகள்ல 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளத்துக்கு மேல போனா அனுமதி இல்லை, இழுத்துட்டுப் போற வேகனும் கூடாது.

கனமான பையைக் கைப்பிடியில மாட்டாதீங்க. அவனைத் தூக்கின உடனே வண்டி பின்னாடி கவுந்துடும். கீழ்க் கூடையில டயபர் (ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு கணக்குப் போட்டு, மேல மூணு), ஜிப் பைக்குள்ள ரெண்டு செட் துணி, துடைக்கிற ஈரத்தாள், மழைக்கு மேலே போடுற கவர். ரைடு வாசல்ல நிறுத்திட்டுப் போனா, ஊழியர்கள் இடம் மாத்தி வைப்பாங்க. வந்து பாத்தா ஒரே மாதிரி அம்பது வண்டி நிக்கும். கைப்பிடியில பளிச்னு ஒரு ரிப்பன் கட்டுங்க, பணம் பாஸ்போர்ட் எதையும் அதுல விடாதீங்க.

அவன் ஓடிட்டா: காலையில வாசல்லயே தலை முதல் ஷூ வரைக்கும் தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுங்க. பதட்டத்துல என்ன கலர் சட்டைன்னு நாக்குல வராது, போட்டோவைக் காட்டினாப் போதும். மணிக்கட்டுப் பட்டையில உங்க ரெண்டு பேர் போன் நம்பரும் எழுதுங்க, நாட்டுக் குறியீட்டோட. பேரை வெளியே தெரியிற மாதிரி எழுத வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிட்டா யாரோடயும் போயிடுவான். காணோம்னதும் ஒருத்தர் கடைசியா பாத்த இடத்துலயே நில்லுங்க, இன்னொருத்தர் பக்கத்து ஊழியர்கிட்ட சொல்லுங்க. தேடிப் பாத்துட்டு அப்புறமா சொல்லலாம்னு ஒரு நிமிஷம்கூடத் தள்ளாதீங்க. தண்ணி இருக்கிற பக்கத்தை முதல்ல பாருங்க.

வரிசையிலயும் வாணவேடிக்கை முடிஞ்சு எல்லாரும் ஒரே நேரத்துல வெளியேறும்போதும் நடக்க விடாதீங்க, ஸ்ட்ரோலர் பெல்ட்டைப் போட்டுடுங்க. இன்னும் நல்லது, வேடிக்கை முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே வாசல் பக்கம் வந்து நின்னு மிச்சத்தை அங்கேருந்து பாக்குறது.