கிள்ளான் வேலைநிறுத்தம் (1941): காப்பகத்துக்குச் செல்லுமுன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி:
வணக்கம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். அடுத்த மாதம் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் சென்று, தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்புகளைப் பார்க்க எண்ணியுள்ளேன். ஒரு வாரத்துக்கு மேல் தங்க இயலாது. எவற்றை முன்னதாகவே செய்துகொள்ள வேண்டும்?

மறுமொழி 1:
காப்பகங்கள் ஆவணங்களைப் பொருள்வாரியாக அன்றி, அவற்றை வைத்திருந்த அலுவலகத்தின்படியே அடுக்குகின்றன என்பதால், அக்காலத்தில் எந்த அலுவலகம் யாருக்கு எழுதியது என்பதை முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கிள்ளான் அமைந்துள்ள சிலாங்கூர் அப்போது, பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த மலாய்க் கூட்டு மாநிலங்களில் ஒன்று. பிரிட்டிஷ் உயர் ஆணையரோ சிங்கப்பூரில் இருந்தார். ஆகவே மாநிலச் செயலகம், தொழிலாளர் இலாகா, காவல் துறை என ஒவ்வொன்றையும் தனித்தனியே தேட வேண்டியிருக்கும். வேலைநிறுத்தம் என்ற ஒரே தலைப்பை நம்பிச் செல்லாதீர்கள். கூலி உயர்வோடு, துரையை (தோட்டத்தின் வெள்ளைக்கார மேலாளரை) கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்குவதும், கள்ளுக்கடைகளை மூடுவதும் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் இருந்தன. கள், நாடுகடத்தல், தோட்டப் பெயர்கள், வேலைநிறுத்தத் தலைவர் ஆர். எச். நாதன், மலாயா மத்திய இந்தியர் சங்கம் ஆகிய அனைத்தையும் தேடுசொற்களாக எழுதி வையுங்கள். தமிழ்ப் பெயர்களை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் மனம்போனபடி எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்கள் தேவை.

மறுமொழி 2:
மேலே நண்பர் கூறியது சரியே. ஆனால் கோலாலம்பூரோடு தேடலை முடித்துக்கொள்வது, துரைமார் தரப்பின் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாகிவிடும். இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவர் மலாயாவிலேயே இருந்து தொழிலாளர் நிலையைக் கவனித்து வந்ததால், புதுடெல்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலையும் பாருங்கள். லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், குடியேற்ற நாட்டு அலுவலகக் (Colonial Office) கோப்புகளின் சி.ஓ. 717 வரிசை மலாய்க் கூட்டு மாநிலங்களின் கடிதப் போக்குவரத்தைக் கொண்டது. பயணத்துக்கு முன்பே செய்யக்கூடியது மற்றொன்று: சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையதளத்தில் 1941 மார்ச் முதல் மே வரையிலான நாளிதழ்களைப் படித்து, நிகழ்ச்சிகளின் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி கையில் இருந்தால், தடித்த கோப்பிலும் வேண்டிய கடிதத்தை விரைவில் எட்டலாம்.

மறுமொழி 3:
நடைமுறைக்குச் சில. கோப்பு எண்களை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பி, அவை பார்வைக்குக் கிடைக்குமா, படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். அடையாள அட்டை, மேற்பார்வையாளரின் கடிதம், பென்சில் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். படம் எடுக்கும்போது, கோப்பின் மேலட்டையை முதலில் எடுத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். இல்லையேல் எந்தப் பக்கம் எந்தக் கோப்பினுடையது என்று பின்னர் கண்டுபிடிப்பது பெரும்பாடு.